இணையவழிப் பொது அறிவுப் போட்டியில் ஒருவரே பல பெயர்களில் விடை அனுப்புவதை எப்படித் தடுப்பது?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் கிராமப் பிள்ளைகளுக்கு கூகுள் ஃபார்மில் போட்டி நடத்துறீங்க, ஒருத்தரே நாலு பெயர்ல எழுதிப் பரிசு வாங்கிட்டார்னு கேட்டிருக்கீங்க. 'ஒருவருக்கு ஒரு பதில்' அமைப்பு கூகுள் கணக்கைத்தான் எண்ணும், ஆளை எண்ணாதுங்க.

ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) காட்டும் தளத்துக்கு மாறி, ஒரே முகவரியில் வந்ததையெல்லாம் தள்ளிடலாம்னு சிலர் சொல்வாங்க. தயவுசெய்து வேண்டாம். செல்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவது வழக்கம். போதாததுக்கு, அப்பா தறிக்குப் போயிட்டு வந்தப்புறம் அவர் போன்ல அக்காவும் தம்பியும் மாத்தி மாத்தி எழுதுற வீடு நம்ம பக்கம் இருக்கு. அந்தப் பிள்ளைகளைத் திருடங்களாக்குறது பெரிய அநியாயம்.

கேள்வியை மாத்துங்க. 'கொடிவேரி அணையில் பிரியும் வாய்க்கால்கள் எவை?'ன்னா, தடப்பள்ளி, அரக்கன்கோட்டைனு தேடி எடுத்து நாலு கணக்கிலும் ஒட்டிடலாம். 'உங்க ஊர் வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணி பாயுது, இப்ப என்ன வெள்ளாமை, பெரியவங்ககிட்டக் கேட்டு அஞ்சு வரி எழுது'ன்னு கேட்டா நாலு விதமா எழுதுறது லேசில்லை. பிள்ளைக்கும் ஏதாச்சும் மனசுல நிக்கும்.

பரிசுப் பட்டியலில் வர்றவங்ககிட்ட மட்டும், எழுதினதைப் பற்றிப் போனில் ரெண்டு நிமிஷம் பேசுங்க. இதை விதியிலேயே முன்கூட்டிச் சொல்லிடுங்க. சந்தேகம் வந்தா வாட்ஸ்ஆப் குழுவில் பேரைப் போடாம, பெத்தவங்ககிட்டத் தனியாக் கேளுங்க. பிள்ளைகளோட போன் நம்பர் இருக்கிற பதில் தாளை ரெண்டு பொறுப்பாளருக்கு மேல பகிராதீங்க.