பழைய டீசல் வண்டி வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஓடிய பிக்கப் விலைக்கு வந்தால், விடியற்காலையில் போய்ப் பாருங்கள். பானெட் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சுட்டால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்த அமுக்கம்தான் கம்ப்ரஷன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான். பம்பு வாஷர் தேய்ந்தால் காற்று கசியும். இங்கே பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கசியும். அப்புறம் காலைக் குளிரில் வண்டி முக்கி முனகித்தான் கிளம்பும். (கிளப்பும்போது இன்ஜினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக் கெட்டாலும் அப்படித்தான், ஆனால் அது சின்னச் செலவு.) கூடவே நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது, வேண்டாம்.

டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) எண்ணெய் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். டீசலில் அது வெறும் புகைக்கரி; புது எண்ணெய் ஊற்றினாலும் சீக்கிரமே கறுத்துவிடும். நம் ஊரில் இன்ஜின் எண்ணெயின் பெயரே ‘மிஞாக் ஹித்தாம்’தானே, மலாயில் கறுப்பு எண்ணெய்!