கொடியில் இரண்டு தலை, மரத்தில் ஒரே ஜோடி

கேள்வி: செர்பியாவில் கழுகு அழியும் நிலைக்கே போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். கொடியிலேயே இரட்டைத் தலைக் கழுகை வைத்திருக்கும் நாடு அதை அழியவிடுமா? கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டீர்களோ?

பதில்: மிகையே இல்லை. 2017-ல் செர்பியா முழுவதிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற கிழக்கு இம்பீரியல் கழுகு ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியிருந்தது. அதில் ஒன்று விஷம் வைத்த இறைச்சியைத் தின்றிருந்தால் அத்தோடு சரி.

சின்னமாக இருந்தால் காப்பாற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். ஆஸ்திரியாவைப் பாருங்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் முத்திரை, நாணயம், அரண்மனை வாசல் என்று எங்கும் இரட்டைத் தலைக் கழுகு இருந்த அதே 19-ஆம் நூற்றாண்டில், அதன் தொடக்கத்திலேயே, உயிருள்ள இம்பீரியல் கழுகு அந்த மண்ணில் கூடு கட்டுவதை நிறுத்திவிட்டது. மறுபடி கூடு கட்டியது 1999-ல்தான்.

செர்பியக் கொடியில் இருக்கிற வெள்ளைக் கழுகு, பைசாந்தியம் என்கிற கிழக்கு ரோமப் பேரரசிலிருந்து வந்து, செர்பியாவை ஆண்ட இடைக்கால நெமான்யிச் அரசர்களிடம் ஒட்டிக்கொண்ட உருவம். நிஜப் பறவை கரும்பழுப்பு, பிடரி வெளிறியது, தோளில் வெள்ளைத் திட்டு உண்டு. ஆனாலும் தங்கள் கொடியில் இருப்பது இந்தக் கழுகுதான் என்று அங்கே பலர் நம்புகிறார்கள், அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. பாசத்தால் அதற்கு இரை கிடைக்காது என்றுதான் சொல்கிறேன். அது பெரிதும் நம்பியிருப்பது சூஸ்லிக் என்கிற தரை அணிலை. ஆடுமாடு மேய்ந்து புல் குட்டையாக இருக்கிற இடத்தில்தான் சூஸ்லிக் வளை தோண்டி வாழும், மேய்ச்சல் குறைந்தால் புல் வளர்ந்துவிடும், சூஸ்லிக் போய்விடும், அப்புறம் கழுகு என்ன செய்யும்? இதோடு நரிக்கும் குள்ளநரிக்கும் வைக்கிற விஷமும் சேர்ந்துகொள்கிறது, உயரமான தனிமரங்களை வெட்டுவதும்தான்.

பக்கத்திலேயே ஹங்கேரி இருக்கிறது. 1980-களில் அங்கே சில பத்து ஜோடிகள்தான். விஷ இரையைத் தேட மோப்ப நாய்களை இறக்கினார்கள், மின்கம்பங்களில் கழுகு அடிபடாமலிருக்கக் காப்புறை போட்டார்கள், இன்று பல நூறு ஜோடிகள். அங்கிருந்து எல்லை தாண்டி வருகிற இளம் கழுகுகளால்தான் வடக்குச் செர்பியாவில் ஜோடிகள் பத்தைத் தாண்டியிருக்கின்றன. வருகிற கழுகு தங்க வேண்டுமானால் அந்தப் பக்கத்து விவசாயி வயலோரத்து மரத்தை வெட்டாமல் விட வேண்டும், புல்வெளியில் ஆடுகள் மேய வேண்டும்.