வாசகர் கேள்வி – பதில்: சாயத்தண்ணியும் ஆணித்தண்ணியும்

கேள்வி: ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் 20 பேருக்குத் துணி வேலைப் பட்டறை நடத்தினேன். மேசையில் ஒரு பூவேலையை மாதிரிக்கு வைத்தேன். எல்லாரும் அதே பூவைத்தான் தைத்தார்கள். சிலர் "நமக்குச் சித்திரமே வராதுங்க" என்று ஊசியைத் தொடவே இல்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரிய ஆலோசகர், அட்டன்

பதில்: அந்தப் பூவை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கண்முன் மாதிரி இருந்தால் கை அதைத்தான் தேடும். எப்படி வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாத வேலையைக் கொடுங்கள். தையலில் கெட்டிக்காரரும் ஊசி பிடிக்காதவரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுவார்கள். நம் பக்கத்தில் அதற்குச் சாயத்தண்ணி, அதாவது பால் சேராத தேநீர் போதும்.

பழைய நாலு முழப் பருத்தி வேட்டியை 20 சென்ரிமீற்றர் சதுரங்களாகக் கிழித்தால் ஆளுக்கு இரண்டு துண்டு தேறும். ஒன்று கெடுத்துப் பார்க்க. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 200 கிராம். இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள்; கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு 200 கிராம் மட்டத் தேயிலைத் தூளை 5 லீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, துணியை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள்.

அந்தப் பழுப்பைக் கறுப்பாக்கும் ஆணித்தண்ணியை ஒரு வாரம் முன்பே போட வேண்டும்: ஒரு கோப்பை வினாகிரி, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு பிடி துருப்பிடித்த ஆணி. வாயு வெளியேறும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். பட்டறையன்று அதில் அரைக் கோப்பையை ஒரு வாளித் தண்ணீரில் கலக்குங்கள். கையுறை வேண்டும்; சமையல் சட்டி வேண்டாம்.

இனி விளையாட்டு. பழுப்பேறிய துணியை ஈரத்தோடு மடித்து, கசக்கி, கூழாங்கல் வைத்துச் சுற்றி, இறப்பர் வளையத்தால் விருப்பம்போல் கட்டச் சொல்லுங்கள். ஆணித்தண்ணியில் முக்கியதுமே பழுப்பு சாம்பல் நிறமாகும், பிறகு கறுக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனினும் ஆணியின் இரும்பும் சேர்வதுதான் காரணம். இரண்டு நிமிடம் போதும். எடுத்ததும் சவர்க்காரத் தண்ணீரில் அலசுங்கள். இரும்பு மிஞ்சினால் நாளடைவில் பருத்தி இற்றுப்போகும். கட்டை அவிழ்க்கும்போது "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்தவர் உடனே தன் துணியை மறைப்பார். "இந்த வெளிறிய கோடு எந்த மடிப்பில் வந்தது?" என்று கேளுங்கள். நீங்களும் ஒரு துண்டு கட்டுங்கள்.

தையலை அடுத்த வாரத்துக்கு வையுங்கள். மழைக்காலத்தில் துணி அன்றே காயாது, ஈரத்தில் ஊசி சிக்கும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், முடிச்சு விழும். 8 நிமிடத்துக்கு ஒருமுறை துணி வலப்பக்கத்தவர் கைக்குப் போக வேண்டும், முன்னவர் போட்ட தையலை யாரும் பிரிக்கக்கூடாது. அடுத்தவரின் கோணல் தையலிலிருந்து தொடரும்போது "என் வேலை" என்ற பயம் பாதி கழன்றுவிடும்.

கேள்வி: அதே முறையில் செய்தும் சில துண்டுகளில் நிறமே ஏறவில்லையே?
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: பொலியெஸ்டர் கலந்த துணியாக இருக்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாக உதிரும்; மற்றது உருகிக் கட்டியாகும்.

கேள்வி: முடிவில் சிறந்த துணிக்குப் பரிசு கொடுக்கலாமா?
– அதிபர், லிந்துலை

பதில்: வேண்டாம். கொடுத்தால் அடுத்த பட்டறையில் மறுபடியும் மாதிரி கேட்பார்கள்.