ஊட்டியில் வாங்கிய தைலம் அசல்தானா?

கேள்வி: சென்ற மாதம் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது சாலையோரக் கடையில் அரை லிட்டர் யூகலிப்டஸ் தைலம் 600 ரூபாய்க்கு வாங்கினேன். புட்டியில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. வீட்டில் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. புகார் செய்ய மறுபடி ஊட்டிக்கே போக வேண்டுமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: வேண்டவே வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். ரசீது இல்லையா? அலைபேசி வழியே பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவில் கடைக்காரர் பெயர் இருக்கும். அதை இன்றே எடுத்து வையுங்கள்.

தைலத்தையும் சோதியுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஓரிரு மணி நேரம் காற்றாட வையுங்கள். நல்ல தைலம் முழுக்க ஆவியாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்க் கறை தெரிகிறது என்றால், ஆவியாகாத மலிவு எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது. பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் சேர்த்திருந்தால் இதில் பிடிபடாது, அதுவும் பறந்துவிடும். அதற்கு ஆய்வகம்தான் வழி. ஆகவே புட்டியில் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். சந்தேகம் தீரும்வரை அதை நெஞ்சில் தடவவும் வேண்டாம், ஆவி பிடிக்கவும் வேண்டாம்.

இனி வாங்கும்போது தயாரிப்பாளர் முகவரி, அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் எல்லாம் அச்சிட்ட புட்டியாகப் பாருங்கள். அசல் தைலத்தையும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விளையில் நாலு தைலமரம் நிற்கிறது. இலையைக் காய்ச்சினால் அதே தைலம் கிடைக்குமா? (வாசகி, திருவட்டாறு)

பதில்: நீலகிரியில் காய்ச்சுவது தைலமரத்தில் குளோபுலஸ் என்ற இனத்தின் இலை, அது குளிர்ந்த மலையில் வளர்வது. சமவெளியில் நடுவது பெரும்பாலும் காகிதக் கூழுக்கான வேறு இனம், எண்ணெய் குறைவு. கசக்கினால் எலுமிச்சை மணம் வந்தால் அது இன்னொரு வகை. அதன் எண்ணெய் சோப்புக்கும் கொசுவிரட்டிக்கும் போகும், சளிக்கு அல்ல. உங்கள் மரத்தைக் கம்புக்கும் விறகுக்கும் விற்பதே லாபம்.