தானா அடுக்கிக்கிற லிஸ்ட்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கே: ஒவ்வொரு தேடலுக்கும் தன் வரிசையைத் தானே மாத்திக்கிற லிஸ்ட்ல, தேடின ஐட்டத்தை நேரா முன்னாடி கொண்டுபோறதா (மூவ் டு ஃப்ரண்ட்), ஒரு இடம் மட்டும் முன்னாடி நகர்த்துறதா (டிரான்ஸ்போஸ்)? எது பெஸ்ட்?

ப: மூவ் டு ஃப்ரண்ட். அடிக்கடி எடுக்குற சட்டை பீரோல மேலாகவே வந்து உக்காந்துக்கும்ல, அதான் இது. 1985ல ஸ்லீட்டர், டார்ஜன்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் நிரூபிச்சாங்க, அடுத்து என்னென்ன தேடப்போறாங்கன்னு முழுசா தெரிஞ்சவன் அடுக்கினாலும் அவன் செலவுல (அதாவது தேடினது கிடைக்க முன்னாடியிலிருந்து எத்தனை ஐட்டம் பார்க்கணுமோ அதுல) ரெண்டு மடங்குக்கு மேல இது போகாது. டிரான்ஸ்போஸுக்கு அப்படி ஒரு உத்தரவாதமே கிடையாது.

ஒரே எச்சரிக்கை: லிஸ்ட்டை பல த்ரெட் (புரோகிராம்ல ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்) படிச்சா, தேடுறதே லிஸ்ட்டை மாத்தி எழுதுறதா மாறிடும். லாக் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் தொடலாம்ங்கிற பூட்டு) போடாம கைவைக்காதீங்க.

கே: ஹேஷ் டேபிள் (ஐட்டம் இருக்குற இடத்தைக் கணக்குப் போட்டு நேரா எடுக்குற அமைப்பு) இருக்கும்போது இது எதுக்கு?

ப: ஹேஷ் டேபிள் போதும்னா அதையே வச்சுக்கோங்க.

கே: சார், 1976லயே ரிவெஸ்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் டிரான்ஸ்போஸ்தான் சராசரில நல்லதுன்னு காட்டிட்டாரே? நீங்க சொல்றது தப்பு.

ப: வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். அவர் கணக்குல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மாறாத ஒரு வாய்ப்பு, ஒரு தேடலுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்ல, அதோட லிஸ்ட் ஒரு நிலைக்கு வந்து அடங்குற வரைக்கும் ஓடவிட்ட பிறகு வர்ற சராசரி. நிஜத்துல இப்ப தேடினதையே திரும்பத் தேடுறோம். கடைசி ரெண்டு ஐட்டத்தை மாத்தி மாத்தித் தேடிப் பாருங்க, டிரான்ஸ்போஸ்ல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கீழ தள்ளிக்கிட்டு வாலுலயே கிடக்கும், ஒவ்வொரு தடவையும் முழு லிஸ்ட்டும் நடக்கணும். மூவ் டு ஃப்ரண்ட்ல ரெண்டு தேடல் முடிஞ்சா அப்புறம் செலவு 2தான்.

கே: ஆனா அது செயற்கையான உதாரணம்!

ப: பென்ட்லியும் மெக்கியாக்கும் 1985ல நிஜ ஃபைல்கள்லயே ஓட்டிப் பார்த்துட்டாங்க, அங்கயும் டிரான்ஸ்போஸ் தேறல. பிஸிப்2 கம்ப்ரஷன் உள்ள இருக்குறதும் மூவ் டு ஃப்ரண்ட்தான்.

கே: எத்தனை தடவை தேடினாங்கன்னு கவுன்ட் வச்சு அடுக்கினா?

ப: ஒவ்வொரு ஐட்டத்தோடயும் ஒரு எண்ணைக் கூடுதலா வச்சிருக்கணும். நேத்து ராஜாவா இருந்தது இன்னிக்கு யாருமே கேக்கலைன்னாலும் பழைய கவுன்ட்டோட மேலயே உக்காந்திருக்கும்.

கே: எது பெஸ்ட்னு ஒரு வரில சொல்லுங்களேன்?

ப: முதல் பதில்.

கே: வெப் சர்வர்ல எல்லா ரிக்வெஸ்டும் ஒரே லிஸ்ட்டைப் படிக்குது, போடலாமா?

ப: லாக்!! மேலயே சொன்னேன்.

கே: அ ஆ இ ஈ உ லிஸ்ட்ல உ, இ, உ தேடினா செலவு எவ்வளவு? நாளைக்கு எக்ஸாம்.

ப: மூவ் டு ஃப்ரண்ட்னா 5+4+2, மொத்தம் 11. டிரான்ஸ்போஸ் நீங்களே போடுங்க, 12 வரலைன்னா வாங்க.