ஐந்து வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளோடு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகலாமா? எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

தாராளமாகப் போகலாம். மகளுக்கு ஆறு வயதும் மகனுக்கு இரண்டரை வயதும் இருந்தபோது, மே மாத விடுமுறையில் நானும் கணவரும் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆறு நாள் போய்வந்தோம். திரும்பவும் போகவேண்டும் என்று நான்கு பேருமே ஆசைப்படும் ஊர் அது.

முதலில் தங்குமிடம். நிறையப் பேர் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் பெரிய ஹோட்டல் எடுக்கச் சொல்வார்கள். பொடிசுகளோடு போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஜார்ஜ் டவுன் பழைய நகருக்குள்ளேயே தங்குங்கள். கடற்கரையிலிருந்து ஊருக்குள் வரும் சாலை மலையோரமாக வளைந்து வளைந்து வரும். நெரிசல் இருந்தால் முக்கால் மணி நேரம். வண்டியில் வாந்தி எடுக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு தடவை அந்தப் பாதையில் போய்வர முடியாது. அந்தக் கடலும் தெளிந்த நீலக் கடல் இல்லை. ஜெல்லிமீன் தொல்லையும் உண்டு. எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். குளிக்க ஹோட்டல் நீச்சல்குளம் போதும். பினாங்கில் கடலை வேடிக்கை பார்க்கத்தான் போகவேண்டும். அதற்கு ஜார்ஜ் டவுனை விடத் தோதான இடம் அந்தத் தீவில் கிடையாது.

அடுத்தது, ஸ்ட்ரோலர் வேண்டாம். பழைய நகரின் கடைவீடுகளுக்கு முன்னால் தூண்கள் வைத்த நடைபாதை ஓடும். காக்கி லீமா என்பார்கள், ஐந்தடி என்று பொருள். மழையோ வெயிலோ மேலே படாமல் தெருக்கோடி வரை நடந்துவிடலாம் என்று பார்த்தால் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வீட்டின் தரையும் ஒவ்வொரு உயரம். ஒரு வீட்டுக்கு இரண்டு படி ஏறவேண்டும், அடுத்ததற்கு ஒரு படி இறங்கவேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள், சாப்பாட்டு மேசை, பூந்தொட்டி, எரியும் ஊதுபத்தியோடு தரையிலேயே ஒரு குட்டிச் சாமி மாடம். கீழே இறங்கினால் திறந்த சாக்கடை. நாங்கள் கொண்டுபோன ஸ்ட்ரோலர் முதல் நாள் மத்தியானமே அறைக்குப் போய்விட்டது. அப்புறம் சின்னவன் பாதி நேரம் அப்பாவின் முதுகில் கேரியரில், பாதி நேரம் என் விரலைப் பிடித்துக்கொண்டு. தூக்கிச் சுமக்கும் கேரியர் ஒன்று கட்டாயம் எடுத்துப்போங்கள்.

நேரக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பாடு குறையும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வீட்டில் ஆறு மணிக்கு எழும் பிள்ளை அங்கே எட்டரைக்குத்தான் எழும். இரவு பன்னிரண்டு வரை கண்ணை உருட்டிக்கொண்டு விளையாடும். பழக்கத்தை மாற்ற நாங்கள் மெனக்கெடவில்லை, ஊரே அதற்கேற்ற மாதிரிதான் இருக்கிறது. அங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல், இருட்டுவது ஏழரைக்கு. கடிகாரப்படி உச்சி வெயில் ஒன்றே கால் மணிக்கு வரும். அதனால் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அறையில் தூக்கம், நீச்சல்குளம், கார்ட்டூன். நான்கரைக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மூன்று மணி நேரம் கிடைக்கும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இரண்டாம் நாள் பதினோரு மணிக்குக் கெக் லோக் சி கோயிலுக்குப் போனோம். அழகான கோயில். 1930-ல் கட்டி முடித்த ஏழடுக்குப் பகோடா, 30 மீட்டர் உயரத்துக்கு வெண்கலத்தில் குவான் யின் அம்மன் சிலை. பன்னிரண்டரைக்குச் சின்னவன் முகம் சிவந்து, குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டான். நிழலில் உட்காரவைத்து, ஈரத் துண்டால் துடைத்து, ஓஆர்எஸ் கொடுத்துக் கிராப் டாக்சி பிடித்து அறைக்கு வந்தோம். மாலைக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு இருந்த பயம் இப்போதும் நினைவிருக்கிறது. நீங்கள் போனால் காலை ஒன்பதரைக்கே போய்விடுங்கள். கீழே ஆமைக் குளம் இருக்கிறது. கீரைக்கட்டு வாங்கி ஆமைகளுக்குக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அதுதான் கோயில். அதை முடித்துவிட்டு, தெம்பிருந்தால் மேலே சிலைக்குப் போங்கள். அதற்குச் சாய்வு லிஃப்ட் உண்டு.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். துறைமுகத்தை ஒட்டிக் கடலுக்கு மேல் மரக்கால்களை ஊன்றிக் கட்டிய குடியிருப்புகள் இருக்கின்றன. கிளான் ஜெட்டி என்பார்கள், குலப் படகுத்துறை என்று பொருள். சீனாவின் ஃபூஜியான் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் குலத்துக்கு ஒரு ஜெட்டியாகக் கட்டிக்கொண்டவை. அதில் பெரியது சியூ ஜெட்டி. மக்கள் இன்றும் குடியிருக்கும் வீடுகள் அவை. வாசல்களில் துணி காயும், உள்ளே டிவி ஓடும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன், "இது ஒருத்தங்க வீடு, சத்தம் போடக்கூடாது, உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது" என்று. பல இடங்களில் கைப்பிடி கிடையாது, சின்னவன் கையை விடவே விடாதீர்கள்.

நடைபாதை முழுக்கப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போனபோது நீர் வற்றியிருந்தது. மகள் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை இடுக்கில் வைத்துக் கீழே பார்த்தாள். கீழே கருஞ்சேறு. அதில் விரல் நீள மீன்கள் துடுப்பை ஊன்றி நடக்கின்றன, திடீரென்று துள்ளுகின்றன. தவளைக்கு இருப்பதுபோல் தலைக்கு மேலே துருத்திய கண்கள். ஒரு நண்டு வளையிலிருந்து வெளியே வந்து ஒரு பெரிய கொடுக்கை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போகிறது. அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. தம்பியும் பக்கத்தில் படுத்துக்கொண்டான். அவனுக்கு என்ன தெரிந்ததோ, "மீனு நடக்குது, மீனு நடக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பத்தரைக்கு மகள் திரும்ப இழுத்துப் போனாள். கால்கள் பாதி வரை தண்ணீர். சேறும் இல்லை, மீனும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையை மெதுவாக மேலே தூக்கி, பிறகு கீழே இறக்கிக் காட்டினார். அதுதான் என் மகள் கற்ற முதல் கடல் பாடம். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நிலவுக் கணக்கு அது. பினாங்கு நீர்மட்ட அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நீர் வற்றும் நேரம் காலையிலோ மாலையிலோ வரும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

பக்கத்திலேயே ஃபெர்ரி. தீவுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் நடுவே 1894-லிருந்து ஓடுகிறது. 2023-ல் புதுப் படகுகள் வந்துவிட்டன. பத்துப் பதினைந்து நிமிடப் பயணம், கட்டணம் மிகச் சொற்பம். வேலை எதுவும் இல்லாமலே போய்வந்தோம். அக்கரையில் ரயில் நிலையம் ஒட்டியே இருப்பதால் சின்னவனுக்கு ரயிலும் கிடைத்தது. இரண்டு வயதுப் பையனுக்குப் படகு, ரயில், மறுபடி படகு என்றால் வேறென்ன வேண்டும்?

ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012-ல் வரைந்தவை. சுவரில் நிஜ சைக்கிளைப் பதித்து, அதில் அக்காவும் தம்பியும் போவதுபோல் வரைந்திருப்பார். படமெடுக்க வரிசை நிற்கும். காலை ஒன்பதுக்கு முன் போனால் தெரு காலி. என் பிள்ளைகளுக்கு அந்த ஓவியத்தைவிட, கம்பியை வளைத்துச் செய்து சுவர்களில் மாட்டியிருக்கும் கேலிச்சித்திரங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் ஆசை. எண்ணிக்கொண்டே நடந்ததால் கால் வலிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வெயில் ஏறினால் ஏறிக்கொள்ள நகரைச் சுற்றி கேட் என்ற இலவசப் பஸ் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பயப்படவே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதைச் சுற்றிப் பூக்கடையும் தமிழ்ப் பாட்டும். ரொட்டி சானாய் கடையில் ஒருவர் எங்களைப் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். காலைச் சாப்பாட்டை அங்கே தமிழர்கள் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். இங்கே நாம் மறந்துவிட்ட எவ்வளவு அழகான சொல்! "தம்பிக்குக் காரமில்லாம பருப்பு ஊத்திடவா?" என்று அவரே கேட்டார். மாவு உருண்டையை எண்ணெய்க் கல்லில் அறைந்து, இரண்டு வீச்சில் துணி மாதிரி விரித்து, மடித்துச் சுட்டு, கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கைதட்டுவதுபோல் அடித்து நொறுக்கினார். அந்தக் கைதட்டலுக்காகவே ஆறு நாளில் நான்கு நாள் அங்கே போனோம்.

மற்ற இடங்களில் மலாயில் "தா மாவ் பெடாஸ்" என்று சொல்லுங்கள், காரம் வேண்டாம் என்று அர்த்தம். சீனக் கடையின் சார் குவே தியா என்ற அரிசி நூடுல்ஸ் வறுவலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் சூப்பில் மீனும் இறால் விழுதும் இருக்கும், சத்தே என்ற குச்சிக் கறி, பசெம்பூர் என்ற சாலட் போன்றவற்றின் குழம்பில் வேர்க்கடலை இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் கேட்டே வாங்குங்கள். செண்டோல் மட்டும் எல்லோருக்கும் பொது. தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சைப் புழுக்கள் போன்ற மாவுத் துண்டுகள், மேலே பனித்தூள். இன்னொன்று, மலாயில் பாலுக்குச் "சூசூ" என்று பெயர். கடையில் மகன் பால் கேட்க, கடைக்காரர் "சூசூ?" என்று திருப்பிக் கேட்க, என் மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

பினாங்கு மலை ரயில் ஒரு காலை நேரத்துக்குச் சரி. கம்பிவடத்தில் இழுக்கும் ரயில், செங்குத்தாக ஏறும், மேலே நல்ல குளுமை. சனி ஞாயிறு போகாதீர்கள், வரிசையிலேயே பிள்ளைகள் சோர்ந்துவிடும். மேலே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து இலை தின்னும், நம்மைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அடிவாரத்தில் 1884-ல் அமைத்த தாவரவியல் பூங்காவின் குரங்குகள் வேறு இனம், கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பறித்துவிடும். அந்தப் பூங்காவில் நாகலிங்க மரங்கள் உண்டு. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பார்த்த பூவை அங்கே தரையில் பார்த்ததும் மகள் கையில் எடுத்து, உள்ளே லிங்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பக்கத்தில்தான் தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி. அப்பாவும் மகளும் மட்டும் ஏறினார்கள், நான் சின்னவனோடு கீழே இருந்துகொண்டேன். ஒரு முழு நாள் ஒதுக்கமுடிந்தால் தெலுக் பகாங்கில் என்டோப்பியா பட்டாம்பூச்சிப் பூங்காவுக்கு அதைக் கொடுங்கள். மூடிய தோட்டத்துக்குள் பட்டாம்பூச்சிகள் தோளில் வந்து உட்காரும். கொம்தார் கோபுரம், மால்கள் எல்லாம் மழை பெய்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கொசு விரட்டிக் களிம்பு பகலிலும் தடவுங்கள், டெங்கு அங்கேயும் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கக் கொடுக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், ஜனவரி, பிப்ரவரி நல்ல பருவம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள். டிக்கெட் போடுமுன் அது தொடர்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எம்டிஏசி என்ற இணையப் படிவத்தை வந்திறங்கும் முன்பான மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று.

கடைசி நாள் நீர் வற்றும் நேரம் காலை ஒன்பதுக்கு வந்தது. விமானம் பிற்பகலில்தான். பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு நால்வரும் சியூ ஜெட்டிக்கு நடந்தோம். மகள் அதே இடத்தைத் தேடிப் படுத்தாள். தம்பி அவள் முதுகின்மேல் படுத்துக்கொண்டான். "இருக்கும்மா, எல்லாம் வந்திருச்சு" என்று பலகையில் வாயை வைத்துக்கொண்டே சொன்னாள்.