3.3, 6.1: பக்கத்து நாடுகளின் பணவீக்கத்தை எப்படி ஒப்பிடுவது?

2022-இல் தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் பணவீக்கம் 6.1 விழுக்காடாக இருந்தபோது மலேசியாவில் அது 3.3 விழுக்காடுதான் என்பதால், இந்த வட்டாரத்தில் விலைவாசியைக் கட்டுக்குள் வைத்திருந்தது நம் நாடுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எண்கள் சரியானவை, ஆனால் அந்த முடிவுக்கு அவை போதா.

முதலில், ஓராண்டோடு நிறுத்திவிடாமல் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். தாய்லாந்தின் பணவீக்கம் 2023-இல் 1.2 விழுக்காட்டிற்கும் 2024-இல் 0.4 விழுக்காட்டிற்கும் இறங்கியது. மலேசியாவில் அது 2.5, 1.8 என்று மெதுவாகத்தான் குறைந்தது. மூன்று ஆண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிட்டால், 2021-ஐ விட 2024-இல் இரு நாடுகளிலும் விலைவாசி ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 7.8 விழுக்காடு, உயர்ந்திருக்கிறது. அங்கே பெரும்பகுதி ஒரே ஆண்டில் ஏறியது, இங்கே மூன்று ஆண்டுகளில் பரவலாக ஏறியது. சிங்கப்பூரில் இதே கணக்கு 14 விழுக்காட்டை நெருங்குகிறது, பிலிப்பைன்சில் 16-ஐ நெருங்குகிறது. அவ்விரு நாடுகளைவிட நம் உயர்வு குறைவு என்பது உண்மைதான்.

இங்கே ஏன் மெதுவாக ஏறியது என்பதற்கு, விலையைக் குறைத்து வைக்க அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையே முக்கியக் காரணம். 2022-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியபோதும் நாம் ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 5 காசுக்கே ஊற்றினோம். இந்தோனேசியா அதே ஆண்டு செப்டம்பரில் பெர்தாலைட் பெட்ரோலை 7,650 ரூபியாவிலிருந்து 10,000 ரூபியாவுக்கு உயர்த்தியதால் அங்கே அந்தச் சுமை உடனே விலைக் குறியீட்டில் தெரிந்தது. நம் சுமை அரசாங்கக் கணக்கில் ஏறியது. டீசலுக்கு அந்தக் கணக்கு 2024 ஜூனில் வந்து சேர்ந்தது: தீபகற்ப மலேசியாவில் 2 வெள்ளி 15 காசாக இருந்த லிட்டர் ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசானது.

ஒரு நாட்டின் விலைக் கட்டுப்பாடு பக்கத்து நாட்டின் விலையையும் அசைக்கும். 2022 ஜூன் மாதம் உள்நாட்டில் கோழி தட்டுப்பாடு நீங்க வேண்டும் என்று அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியபோது, தனக்கு வேண்டிய கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நம்மிடம் வாங்கிவந்த சிங்கப்பூரில் புதிய கோழிக்குப் பெரும் நெருக்கடி வந்தது. சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில் இருக்கும் எங்களுக்கு இது செய்தித்தாளில் மட்டும் படித்த விஷயம் அல்ல.

விழுக்காட்டில் சரியாகத் தெரியாத ஒன்றும் உண்டு. இந்தியா 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்த பிறகு, மலேசியாவுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. கிலோ 2 வெள்ளி 60 காசு என்று கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசியின் விலை மட்டும் மாறவே இல்லை. குளுவாங்கில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மளிகைக்கடையில், 26 வெள்ளி என்று விலைச்சீட்டு தொங்கிய இடத்தில் பத்துக் கிலோ மூட்டை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இறக்குமதி அரிசி அடுக்கியிருந்தது, அதைத்தான் அம்மா வாங்கினார். விலை மாறவில்லை என்பதும் உண்மை, அந்த விலைக்கு அரிசி கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்தது, கூடை, அதாவது பணவீக்கத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பொருள்கள், சேவைகளின் பட்டியல். நம் பயனீட்டாளர் விலைக் குறியீட்டில் உணவின் பங்கு சுமார் 30 விழுக்காடு. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பிலிப்பைன்சில் 40 விழுக்காட்டை நெருங்குகிறது. அதனால் ஒரே அரிசி விலையேற்றம் மூன்று நாடுகளிலும் மூன்று விதமாகப் பதிவாகும். சிங்கப்பூரின் 6.1-இல் தனியார் கார்களின் விலையும் அடக்கம். கார் செலவையும் குடியிருப்புச் செலவையும் நீக்கிய அடிப்படைப் பணவீக்கம் அங்கே அதே ஆண்டில் 4.1 விழுக்காடுதான்.

ஆகவே, நாடுகளை ஒப்பிட விரும்பினால் உணவுக்கான பணவீக்கத்தைத் தனியாக எடுத்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பாருங்கள் என்பேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் பெற்றோரைப் போன்றவர்களின் செலவில் பாதிக்குமேல் பசாருக்கும் மளிகைக்கும்தான் போகிறது; அவர்களிடம் 3.3 என்று சொல்வது நியாயமாகாது. மலேசியாவில் உணவு விலை 2022-இல் 5.8 விழுக்காடும் 2023-இல் 4.8 விழுக்காடும் உயர்ந்தது, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11 விழுக்காடு. 2022 மே மாதம் 1,500 வெள்ளியாக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியானது. பணவீக்கம் குறைவு என்பதைக் காட்டிச் சம்பள உயர்வைத் தள்ளிப்போடலாம் என்று யாராவது வாதிட்டால், உணவு விலையேற்றம், குறைந்தபட்சச் சம்பளம் ஆகிய இரண்டின் எண்களையும் அவர்கள் முன் வையுங்கள்.